நானாக விட்ட வேலை

1

ஊரில் இருக்கிற என் மச்சான் போன கிழமை போனில் சொன்னான்: "உங்கடை நாட்டிலை வேலை இல்லாட்டிலும் அரசாங்கம் காசு தருமாம். குடுத்து வைச்ச சனம் நீங்கள்." அவனுடைய குரலில் எரிச்சல் இருந்தது. எனக்கு அந்த எரிச்சலை நன்றாகத் தெரியும். கொஞ்ச நாளாக என் வயிற்றிலும் அதுதான் கிடக்கிறது. காசு தரும்தான், ஆனால் எனக்கு இப்போதைக்குத் தரமாட்டார்கள் என்று அவனிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அவனுக்கும் அவனைப் போல நினைக்கிறவர்களுக்குமாக இதை எழுதுகிறேன்.

எல்லாம் என் சகலனால் வந்தது. என் மனைவி வசந்தியின் தங்கையை முடித்தவன். பெயர் நேசன், என்னைவிட இளையவன். நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் குளிரில் விறைத்துக்கொண்டு நின்றவனை ஒஸ்லோவுக்குக் கூப்பிட்டவன் நான். நான் வேலை செய்த சலவைத் தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்து விட்டவனும் நான். ஹோட்டல் படுக்கை விரிப்புகளைச் சூட்டில் அழுத்தி மினுக்கி மடிக்கிற பெரிய உருளை மெசினில் விரிப்பின் இரண்டு மூலைகளையும் எப்படிப் பிடித்துக் கொடுப்பது என்று பழக்கியவனும் நான்தான். இதெல்லாம் இப்போது எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது போல.

அவன் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் தாங்கிக்கொண்டேன். பால் காய்ச்சப் போனேன். மேல்மாடி, கீழ்மாடி, கார் விடுகிற இடம் எல்லாம் பார்த்து, "நல்ல வெளிச்சமான வீடு" என்று சொன்னேன். எங்களுடைய நாலாம் மாடி அறைகளுக்குத் திரும்பி வந்து, வசந்தி போட்டுத் தந்த தேத்தண்ணியில் சீனி காணாது என்று சண்டை பிடித்தேன். அதோடு அது முடிந்தது. அவன் கழுத்தில் தொங்கிய நீலப் பட்டியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

2

அந்த நீலப் பட்டியில் தொழிற்சாலைக் கதவுகள் எல்லாவற்றையும் திறக்கிற அட்டை தொங்கும். அது குழுத் தலைவருக்கு மட்டும் கொடுப்பது. அது முதலில் என்னிடம்தான் வந்தது. ஊர்ச் சனம் நம்பாது, ஆனால் அதுதான் உண்மை.

எங்கள் முகாமையாளர் திறீன என்கிற பெண். என் மகளின் வயதுதான் இருக்கும், நல்ல பிள்ளை. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு மேசைக்கு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். பக்கத்தில் நேசன் பாணும் பாற்கட்டியும் தின்றுகொண்டிருந்தான். "நீ இங்கே கனகாலமாக இருக்கிறாய். குழுத் தலைவராக வர விருப்பமா?" என்று என்னைக் கேட்டாள். இந்த மொழியில் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான், அதில் குறை பிடிக்க முடியாது.

நான் சிரித்துக்கொண்டு, "நெய், நெய்" என்றேன். அப்படியென்றால் இல்லை, வேண்டாம்.

எங்கள் ஆட்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி குடிக்கிறியளோ என்பார்கள். வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனான் என்போம். ஒரு வாய் குடியுங்கோவன் என்பார்கள். சும்மா இருங்கோ, ஏன் கரைச்சல் என்போம். மூன்றாவது தரம் கேட்கமாட்டார்கள், கோப்பை கைக்கு வந்துவிடும். கேட்ட உடனே ஓம் என்கிறவனைக் காணாததைக் கண்டவன் என்று அவன் போன பிறகு சொல்லிச் சிரிப்பார்கள். அப்படி வளர்ந்த வாய் என்னுடையது. பதவி என்று ஒருத்தி கொண்டுவந்து நீட்டினால் அந்த வாய் வேறென்ன சொல்லும்? திறீன இன்னொரு முறை கேட்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறைக்கு, "நீ இவ்வளவு சொல்லுகிறபடியால்" என்று ஒரு வசனம் கூட மனதுக்குள் நோர்வேஜிய மொழியில் அடுக்கி வைத்திருந்தேன்.

அவள், "சரி, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அப்படியே நேசன் பக்கம் திரும்பினாள்.

நேசன் வாயில் இருந்த பாணை விழுங்கவும் இல்லை. "யா, யார்ன" என்றான். ஓம், சந்தோசமாக.

என் வீட்டுக்கு வந்தால் நாலு தரம் வேண்டாம் சொல்லுகிற மனுசன் இவன். வசந்தி, "உந்தக் கோப்பையை ஆறவிடாமல் குடி தம்பி" என்று அதட்டினால்தான் குடிப்பான். இந்த 'யா, யார்ன'வை எங்கே, எப்போது, ஆரிடம் படித்தான்? எனக்குச் சொல்லாமல் படித்துவிட்டான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

3

அடுத்த திங்கட்கிழமை நீலப் பட்டியோடு வந்தான். "அண்ணை, இண்டைக்கு நீங்கள் துவாய்ப் பக்கம் நில்லுங்கோ. அங்கை ஆள் காணாது" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். மரியாதை இல்லாமல் சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். பத்தொன்பது வருடம் விரிப்பு மெசினில் நின்ற நான் அன்றைக்குப் புதியவர்களோடு நின்று குளியலறைத் துவாய் மடித்தேன். மடித்த துவாய் ஒவ்வொன்றும் அவனுடைய முகம் மாதிரியே இருந்தது. வேலை முடிய நேரே திறீனவிடம் போய், வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் இப்படி ஆரும் செய்வதில்லை. ஒருவர் வங்கி வேலையைத் தானாக விட்டுவிட்டார் என்று சனம் அவர் வீட்டுக்குச் செத்தவீட்டுக்குப் போகிற மாதிரிப் போய், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தபால் கந்தோரில் இருந்த என் அப்பாவுக்கு மேலாக ஒரு இளையவரைக் கொண்டுவந்து போட்டபோது அவரும் எரிந்தார்தான், ஆனால் வேலையை விடவில்லை. அங்கே அதற்கு வேறு வழி இருந்தது. மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போடுவார்கள். விசாரணை வரும், ஆளை மன்னாருக்கு மாற்றுவார்கள், எரிந்தவர் ஆறிவிடுவார். அப்பா போட்டாரா என்று நான் கேட்டதில்லை. ஆனால் அந்த இளையவர் மாறிப் போனார். நோர்வேயில் மொட்டைக் கடிதம் எழுதி ஆருக்குப் போடுவது? திறீன அதை எல்லோருக்கும் முன்னால் வாசித்து, இதைப்பற்றி நாங்கள் கதைப்போம் என்று கூட்டம் வைப்பாள்.

விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் உடனே விடமுடியாது. சட்டப்படி அதற்குப் பிறகும் சில மாதம் போய்வர வேண்டும். அது எனக்குத் தெரியாது. வீராப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் நாள்தோறும் போய் நேசனுக்குக் கீழே துவாய் மடித்தேன். கடைசி நாள் கேக் வைத்தார்கள். இந்த நாட்டில் போகிறவனுக்குக் கேக். வெட்டிக் கொடுத்தது நேசன். எனக்குப் பெரிய துண்டாகத் தந்தான்.

4

இனி அந்தக் காசு விசயம். ஊரில் இருக்கிறவர்கள் நினைப்பது போல இது சும்மா வருவதில்லை. முதலாளி நிற்பாட்டி வேலை போனால், சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் கிட்டத்தட்ட உடனேயே தரத் தொடங்கும். தானாக விட்டவனுக்கும் தரும், ஆனால் நாலு மாதத்துக்கு மேல் காக்க வைத்துத்தான் தரும். ஏற்றுக்கொள்ளக்கூடிய காரணம் காட்டினால் மட்டும் காக்க வைக்கமாட்டார்கள். வசந்திக்குப் பாலர் பாடசாலைச் சமையலறையில் அரைநாள் வேலைதான். வீட்டுக் கடன் இருக்கிறது. நாலு மாதம் என்றால் எங்களுக்குக் கழுத்து நெரிபடும்.

விண்ணப்பம் போட்டேன். அந்தக் காசு கொடுக்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். வேலை என்ன மாதிரி முடிந்தது என்று கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நானே விட்டேன் என்று அவளுடைய மொழியில் சொன்னேன். "யை ஹார் ஸாக்த் ஒப்." அப்படித்தான் சொன்னதாக நான் நினைத்தேன். அவள், "ஓ, கவலையாக இருக்கிறது" என்றாள். எனக்குப் பிடித்தது. வேலையை விட்ட ஒருவனுக்காக ஒரு நோர்வேக்காரி கவலைப்படுகிறாள் என்று வசந்திக்கும் சொன்னேன். எல்லாம் சரிவரும் போல இருக்கு என்றும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஆரணி வந்தாள். தனியாக இருக்கிறாள், மாதத்தில் ஒரு முறை தலை காட்டுவாள், கையிலிருந்து போன் இறங்காது. கந்தோரில் இருந்து வந்திருந்த செய்தியைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்பா, நீங்கள் அவவுக்கு என்ன சொன்னனீங்கள்? உங்களை வேலையாலை நிப்பாட்டினது எண்டு இதிலை இருக்கு."

"நானே விட்டனான் எண்டுதான் சொன்னனான்."

"எப்பிடிச் சொன்னனீங்கள்? சொல்லிக் காட்டுங்கோ."

சொல்லிக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் வசந்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கு 'ஹ' வராது. 'ஹார்' எண்டால் நீங்களா விட்டது. 'ஆர்' எண்டால் உங்களை விலத்தினது. நீங்கள் 'ஆர்' எண்டுதான் சொல்லுறியள். வடிவா 'ஆர்' எண்டு."

எங்கள் ஆட்களின் வாய்க்கு 'ஹ' வருவது கஷ்டம். அது வராததால் ஹோட்டலை ஓட்டல் என்று சொன்னோம், ஒரு கரைச்சலும் வரவில்லை. இங்கே அந்த ஒரு மூச்சுக்காற்று போனதால் நான் என் சகலனால் துரத்தப்பட்டவன் என்று அரசாங்கத்தின் கணினியில் பதிந்துவிட்டார்கள். நான் பல்லைக் கடித்தேன். ஆரணி விடவில்லை.

"சரி, உண்மையைச் சொல்லுவம். ஆனா காரணம் வேணும், லிஸ்ற்று இதிலை இருக்கு. ஹெல்ஸ? நாரி நோவெண்டு லேக போனனீங்களோ?" ஹெல்ஸ என்றால் சுகநலம், லேக என்றால் டொக்டர்.

"குனிஞ்சு நிமிர நாரி நோகும்தான். டொக்டரிட்டைப் போகேல்லை."

"விடுறதுக்கு முதல் போயிருக்க வேணும். ஆராவது உங்களைக் கேவலமா நடத்தினவையோ?"

நான் யோசித்தேன். "நேசன் என்னைத் துவாய்ப் பக்கம் விட்டவன்" என்றேன்.

ஆரணி போனைக் கீழே வைத்தாள். "அப்பா, அது மொப்பிங் இல்லை. அது வேலை." மொப்பிங் என்றால் வேலையிடத்தில் ஒருவரை வதைப்பது. பிறகு சொன்னாள்: "சித்தப்பா உங்களுக்கு மேலாலை வந்திட்டார் எண்டுதானே விட்டனீங்கள்? அது இந்த லிஸ்ற்றிலை இல்லை."

இந்தப் பிள்ளை இரண்டு வேலையைத் தானாக விட்டவள். இரண்டு முறையும் அடுத்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு விட்டாள். வேலையை மாற்றுவது அவளுக்குச் சட்டை மாற்றுகிற மாதிரி. வீட்டுக் கடன் எப்படி எடுப்பது என்று போன மாதம் ஆரைக் கேட்டாள் தெரியுமா? நேசனை. என் மகளிலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அதை எழுதுவதற்கு வெட்கமாகவும் இருக்கிறது. ஆனால் இருக்கிறது.

5

நாங்கள் திருத்திச் சொல்வதற்கு முன்பே, நிற்பாட்டினது என்றால் நிற்பாட்டிய கடிதம் எங்கே என்று கந்தோர் தொழிற்சாலையைக் கேட்டது. திறீன விடுமுறையில் நின்றாள். பதில் எழுதுகிற பொறுப்பு குழுத் தலைவரின் கைக்குப் போனது. குழுத் தலைவர் ஆர் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை.

நேசன் எழுதி அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்தான். ஒஸ்லோ குறொன்லாண்ட் பகுதியில் தமிழ்க் கடையில் வாங்கிய முருங்கைக்காய்க் கட்டு ஒன்றும் கொண்டுவந்தான். வேலையால் நேரே வந்ததால் கழுத்தில் பட்டி தொங்கியது. என் முகம் போன போக்கைக் கண்டுவிட்டு அதைக் கழற்றிப் பொக்கெற்றுக்குள் வைத்தான். அவன் அப்படி வைத்தது எனக்கு இன்னும் எரிந்தது.

"அண்ணை, கந்தோர்க்காரர் ஒரு விசயம் கேட்டு எழுதியிருக்கினம்," என்றான். "நீங்கள் விட்டதோ, நாங்கள் நிப்பாட்டினதோ எண்டு."

"தெரியும்."

"வேலை குறைஞ்சு போச்சு, அதாலை நாங்கள்தான் நிப்பாட்டினது எண்டு எழுதிவிடட்டோ? உங்களுக்கு உடனை காசு வரும். அக்காவும் கஷ்டப்படத் தேவையில்லை."

அது பொய். பிடிபட்டால் அவனுடைய பதவி மட்டுமில்லை, வேலையே போகும். இரண்டு பேரும் வழக்குக்குப் போக வேண்டி வரும். அது தெரிந்துகொண்டுதான் கேட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன். பொறாமைப்படுகிறவனுக்கு எதிராளி நல்லவனாக இருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

"வேண்டாம்," என்றேன்.

சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை, நேர்மையாலும் சொல்லவில்லை. நேசன் என்னை வேலையால் நிற்பாட்டினான் என்று ஒரு கடதாசி இந்த உலகத்தில் எந்த மூலையிலும் இருக்கக் கூடாது. நாலு மாதம் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை. நானாக விட்டேன். 'ஹ' போட்டு விட்டேன். "நான்தான் விட்டனான் எண்டு எழுது. வடிவா எழுது," என்றேன்.

"சரி அண்ணை," என்றான் நேசன். அதற்கு மேல் ஒரு சொல் வற்புறுத்தவில்லை. ஒரு தரம் வற்புறுத்தியிருக்கலாம். நான் ஓம் என்றிருக்கமாட்டேன், ஆனாலும் வற்புறுத்தியிருக்கலாம்.

வசந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"தம்பி, இவரின்ரை இடத்துக்கு ஆள் எடுத்திட்டியளோ?"

"இன்னும் இல்லை அக்கா."

"நான் வரட்டோ? மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு வேலையில்லை."

நேசன் ஒருமுறை என்னைப் பார்த்தான். "வாங்கோ அக்கா," என்றான். "திங்கட்கிழமை வாங்கோ."

அவ்வளவுதான். வசந்தி வேண்டாம் சொல்லவும் இல்லை, யோசித்துச் சொல்லுகிறேன் என்று சொல்லவும் இல்லை. தேத்தண்ணி போடப் போனாள். நேசன் அதையும் முதல் தரம் நீட்டின உடனே வாங்கிக் குடித்தான்.

6

கந்தோரின் முடிவு வந்தது. ஏற்றுக்கொள்ளக்கூடிய காரணம் இல்லாமல் தானாக வேலையை விட்டவர் என்று அதில் என்னைப் பற்றி எழுதியிருந்தது. ஆரணி அதைத் தமிழில் சொன்னபோது, "சரியாத்தான் எழுதியிருக்கினம்" என்றேன். முறைப்பாடு செய்யலாம் என்றாள். என்னவென்று செய்வது?

இப்போது மத்தியானத்தில் வசந்தியைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவது நான்தான். பாலர் பாடசாலையில் சமைத்துவிட்டு வந்து காருக்குள்ளேயே சோற்றைத் தின்பாள். அவள் இறங்கிக் கதவைத் தட்டுவாள், நேசன் திறந்துவிடுவான். இருவரும் ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டு உள்ளே போவார்கள். நான் காரைத் திருப்பிக்கொண்டு வந்து, வீட்டைக் கூட்டி, மரக்கறி வெட்டி, வேலை தேடுகிறேன் என்று கந்தோருக்குக் காட்ட வேண்டிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன். அவளைத் துவாய்ப் பக்கம்தான் விடுவான் என்று முதலில் நினைத்தேன். புதியவர்களைத் துவாயில்தான் விடுவது வழக்கம். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, அதை மறைத்து என்ன?

முந்தாநாள் அவள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "இஞ்சாருங்கோ, என்னை உங்கடை விரிப்பு மெசினிலை விட்டிருக்கினம்" என்றாள். களைத்திருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். எங்களுக்குக் கலியாணமான புதிதில் கண்டது, பிறகு அவ்வளவாகக் காணவில்லை.

"மூலையை இறுக்கிப் பிடிக்க வேணும்," என்றேன். "இல்லாட்டி மடிப்பு விழும்."

"தம்பி காட்டித் தந்தவர்."

அவனுக்குக் காட்டியது நான் என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிற்பாட்டினாள்.

"பொறுங்கோ, இதைக் கேளுங்கோ. தான் வந்த காலத்திலையிருந்து அந்த மெசினிலை இவ்வளவு கெதியா வேலை செய்து ஒருத்தரையும் காணேல்லை எண்டு தம்பி எல்லாருக்கும் முன்னாலை சொன்னவர்."

"ஒருத்தரையுமோ?" என்று கேட்டேன்.

"ஒருத்தரையும் எண்டுதான் சொன்னவர்," என்று சொல்லிவிட்டு வசந்தி குளிக்கப் போனாள்.